ஓடைக்குடியில் நாற்பத்தொரு வீடு

இப்போது மைக்கில் நிற்பவர் பத்தொன்பதாம் எண். பங்குச் சாமியார் இஞ்ஞாசிமுத்துவின் கையில் இருந்த டோக்கன் முப்பத்தெட்டு. நடுவில் பதினெட்டுப் பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கோட்டாட்சியர் அம்மா ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார், அப்படியானால் ஐம்பத்து நான்கு நிமிடம், ஆனால் மைக்கைப் பிடித்தவன் எவன் மூன்று நிமிடத்தில் விட்டிருக்கிறான், ஆகவே ஒரு மணி நேரமாவது ஆகும், ஒன்றரை மணி ஆனாலும் நல்லது, சாப்பாட்டு நேரம் வந்து கூட்டத்தையே ஒத்திவைத்துவிட்டால் இன்னும் நல்லது, ஒத்திவைத்தால் மட்டும் என்ன, நாளைக்கும் இதே பை இதே மடியில்தானே இருக்கும். தங்கள் முறை சீக்கிரம் வராதா என்று எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த அந்த மண்டபத்தில், வரவே கூடாது என்று உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் அவர்தான். கால் தன்பாட்டுக்கு ஆடியது. ஆடாதே என்று ஒரு காலை அதட்டினால் அடுத்த கால் ஆடியது. வெள்ளை அங்கிக்குள் முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது, மேலே மின்விசிறி சுற்றாமல் இல்லை, காற்றை மட்டும் வேறு யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. நேற்று இங்கே கல்யாணம் நடந்திருக்கிறது. மேடையில் தெர்மோகோலில் வெட்டி ஒட்டிய மாப்பிள்ளை பெண் பெயர்களின் மேல் 'கூழையாற்று அணைத் திட்டம், மறுவாழ்வுப் பட்டியல், கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள், பேனர் போதாமல் மாப்பிள்ளையின் பெயரில் பாதி வெளியே தெரிந்தது. மணமக்கள் உட்காரும் சிவப்பு சிம்மாசனம் இரண்டையும் ஓரமாக நகர்த்தி ஒன்றில் கோப்புகளையும் இன்னொன்றில் தண்ணீர் பாட்டில்களையும் வைத்திருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் இஞ்ஞாசிமுத்து இதைப் பார்த்துச் சிரித்திருப்பார், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில்கூட எடுத்துவிட்டிருப்பார். இன்றைக்குச் சிரிப்பு வயிற்றுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அங்கே இருந்தது வேறொரு அவசரம், அரை மணி நேரத்துக்குள் இரண்டு தடவை போய்விட்டு வந்தாயிற்று, மூன்றாவது தடவை எழுந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். சர்க்கரை என்று நினைப்பார்கள். நினைக்கட்டும், சர்க்கரையும் இருக்கத்தான் செய்கிறது.

மடியில் இருந்தது பூசைப் பை. குக்கிராமங்களுக்குப் பூசை வைக்கப் போகும்போது பாத்திரம், மெழுகுவத்தி, திராட்சை ரசம் எல்லாம் எடுத்துப் போகும் கறுப்பு ரெக்சின் பை. இன்றைக்கு அதில் இருந்தது ஒரே ஒரு புத்தகம், சூசையப்பர்பட்டிப் பங்கின் ஞானஸ்நானப் புத்தகம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றிலிருந்து, மூன்று பாகத்தையும் சேர்த்துத் தைத்தது, தூக்கினால் பச்சைக் குழந்தை கனம். இந்தப் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது யார். வேறு யார், அவர்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் தாலுகா அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில், ஓடைக்குடியில் இருக்கிற நாற்பத்தொரு வீடும் அணை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு மாற்று மனைக்கு ஆசைப்பட்டு வந்து குடிசை போட்டவை என்று ஒரு அதிகாரி சாதாரணமாகச் சொன்னார், வரைபடத்தில் அந்த இடம் வெறும் ஓடைப் புறம்போக்கு என்றார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் மேட்டில் இருக்கிற சூசையப்பர்பட்டி முகவரிதான் இருக்கிறது என்றார், சூசையப்பர்பட்டி முழுகப்போவதில்லையே, அப்புறம் இவர்களுக்கு எதற்கு மனை என்றார். அப்போதுதான் இஞ்ஞாசிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார், டம்ளர் குதித்தது. "அரசாங்கத்துக்கிட்ட இல்லாட்டி என்ன சார், கோயில் புஸ்தகத்துல இருக்கு. தொண்ணூறு வருஷமா ஓடைக்குடியில பொறந்த ஒவ்வொரு கொழந்தையும் அதுல இருக்கு. நான் கொண்டுவந்து காட்டறேன்." வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சனம் கைதட்டியது. என்ன கைதட்டல் அது. இருபத்தாறு வருட குருத்துவத்தில் அவர் பிரசங்கத்துக்கு யாரும் கைதட்டியதில்லை, கோயிலில் கைதட்டவும் முடியாது, ஆகவே அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறியதை அவர் மறைக்கவில்லை, பைக்கில் திரும்பி வரும்போது தனக்குத்தானே இரண்டு தடவை அந்த வசனத்தைச் சொல்லியும் பார்த்தார். அரசாங்கத்துக்கிட்ட இல்லாட்டி என்ன சார். நன்றாகத்தான் இருந்தது. புத்தகத்தைத் திறந்து பார்க்கத்தான் தோன்றவில்லை. தன் கையால் எழுதுகிற புத்தகத்தை எதற்குத் திறந்து பார்க்க வேண்டும், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதா என்ன.

தெரியவில்லை. இன்று காலைப் பூசை முடிந்து, இட்லி ஆறிக்கொண்டிருக்க, அடையாளத்துக்கு நாலு இடத்தில் காகிதம் செருகி வைக்கலாம் என்று புத்தகத்தைப் பிரித்தார். பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன், ஊர், ஞானத்தாய் ஞானத்தகப்பன், கொடுத்த குரு. ஊர் என்ற கட்டத்தில் பக்கத்தின் முதல் வரியில் சூசையப்பர்பட்டி. இரண்டாம் வரியில் மேற்படி. மூன்றாம் வரியில் மேற்படி. பக்கம் முழுக்க, கீழ்வரைக்கும், மேற்படி, மேற்படி, மேற்படி. அடுத்த பக்கம் முதல் வரி சூசையப்பர்பட்டி, பிறகு மேற்படி. அவருக்கு முதலில் புரியவே இல்லை, ஓடைக்குடிக்குத் தனிப் புத்தகம் இருக்குமோ என்று அலமாரியை இரண்டு தடவை துழாவினார், அடக்கப் புத்தகத்தையும் கல்யாணப் புத்தகத்தையும் பிரித்தார், அங்கேயும் அதே மேற்படி வரிசையாக நின்றது. பெர்னத்து மகன், மேற்படி. சவரியாயி மகள் செங்கோல்மேரி, மேற்படி, அந்தப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றியது இவர்தான், பத்து வருடம் முன்னால், வீரிட்டு அழுதது, அங்கியை நனைத்துவிட்டது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஊர் மட்டும் மேற்படி. முதலில் எழுதிவைத்த வெள்ளைக்காரச் சாமியார் மேல் பழியைப் போடலாம் என்றால், கடைசி பதினோரு வருடம் சாய்ந்த எழுத்தில் நீல மையில் எழுதியிருப்பது இவர் கை. தொண்ணூறு வருடத்தில் பதினேழு சாமியார்கள், ஒருத்தருக்குக்கூட அந்தக் கட்டத்தில் ஐந்து எழுத்து எழுதத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் கை ஒடிந்தா போயிருக்கும். நிதானமாக யோசித்தால் சோம்பல் என்றுகூட அதைச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஞானத்தகப்பன் பெயரை அதே கை முழுசாக, முன்னெழுத்தோடு எழுதியிருக்கிறது. ஓடைக்குடியை ஒரு ஊர் என்றே அந்தக் கை நினைக்கவில்லை. சூசையப்பர்பட்டிக் கோயிலின் பின்வரிசையில் வந்து நிற்கிற சனம், அவ்வளவுதான், அவர்களுக்குத் தனியாக ஊர் எதற்கு. இதை நினைத்தபோது அவருக்கு இட்லியைப் பார்க்கவே பிடிக்காமல் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இப்போது பைக்குள் உட்கார்ந்து கரித்துக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது. கட்டத்தில் மேற்படிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நாற்பத்தொரு குடும்பம், மனை இல்லை என்றால் அத்தனை பேரும் ரோட்டோரம், மதகை அடைத்தால் தண்ணீர் யாரையும் நீ எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருக்காது, வெறும் ஐந்து எழுத்து, பொய்யும் இல்லை, அவர்கள் ஓடைக்குடிக்காரர்கள்தானே, இருப்பதை எழுதுவது எப்படிப் பொய்யாகும். எழுபத்து நாலாம் வருடத்துப் பக்கத்தில் பேனாவை வைத்தார். 'ஓ' என்று எழுதினார். பழுப்பேறின தாளில், மங்கின மைக்கு நடுவில், அந்த ஓ ஈரமாகப் பளபளத்தது. ஊதிப் பார்த்தார். கைக்குட்டையால் ஒற்றினார், கொஞ்சம் பரவி இன்னும் பெரிதானதுதான் மிச்சம். அப்படியே மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இனி புத்தகத்தைக் காட்டினாலும் மோசம், காட்டாவிட்டாலும் மோசம். காட்டாமல் இருக்க என்ன சொல்லலாம் என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், கரையான் அரித்துவிட்டது எனலாம், ஆயர் இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறேன் எனலாம், ஆயர்கூட நேற்றுப் போனில், "சாமி, சனத்துக்காகப் பேசுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா எதைச் சொன்னாலும் ஆதாரத்தோட சொல்லுங்க, நம்ம பேரு கெட்டுடக் கூடாது" என்றுதான் சொன்னார். ஆதாரத்தோடு. ஆதாரம் மடியில் ஒரு ஓ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இருபத்தாறாம் எண் யாரோ கூழையாற்று மணலைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார், அதற்குள் இருபத்தாறா, நடுவில் ஆறு பேர் எப்போது பேசினார்கள்.

"சாமி, வெத்தல போடறீங்களா?" என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்து காத்தமுத்து பூசாரி. ஆற்றங்கரைப் பேச்சியம்மன் கோயில் பூசாரி, எதிர்க்கரை வெள்ளப்பாறையில் வீடு, அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. அணைப் பேச்சு வந்த இந்த மூன்று வருடமாகத்தான் இருவரும் ஒரே பைக்கில் போகிறவர்கள், மனு கொடுக்க, கையெழுத்து வாங்க, உண்ணாவிரதத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, அங்கியும் காவித் துண்டும் சேர்ந்து வந்தால் அதிகாரிகள் எழுந்து நிற்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தது பூசாரிதான். அதற்கு முன்னால் எட்டு வருடம் இருவரும் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள். "வேணாம் பூசாரி" என்றார் இஞ்ஞாசிமுத்து. "மொகம் ஒரு மாதிரியா இருக்கே. காலைல சாப்டலயா?" "சாப்ட்டேன்." "பொய் சொல்றீங்க" என்று பூசாரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார், இவருக்கு அந்த வார்த்தை நெஞ்சில் போய் இடித்தது, தெரிந்துவிட்டதோ, எப்படித் தெரியும், இட்லியைப் பற்றித்தான் சொல்கிறார், இட்லியைப் பற்றித்தான். பூசாரியிடம் சொல்லிவிடலாமா. சொன்னால் என்ன சொல்வார், மீதி நாலெழுத்தையும் எழுதிடுங்க சாமி என்பார், அவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை, அம்மனிடம் உத்தரவு கேட்டு எழுதிவிடுவார். அப்படி அவர் சொன்னால் தான் எழுதிவிடுவோம் என்று இஞ்ஞாசிமுத்துவுக்குத் தெரிந்தது, அதனாலேயே வாயைத் திறக்கவில்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நாலு வரிசை முழுக்க ஓடைக்குடி. கோயிலில் உட்காருகிற மாதிரியே இங்கேயும் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் காலி நாற்காலி கிடக்கிறது, யாரும் போகச் சொல்லவும் இல்லை, இவர்களாகப் போகவும் இல்லை. சவரியாயி ஓரத்தில் இருந்தாள். செங்கல் சூளை வேலைக்காரி, புருஷன் இல்லாதவள், இன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள். அவள் கண் இவர் மடியில் இருந்த பையின் மேல் இருந்தது. முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அந்தக் கவலையின்மையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை, அவள் பயந்திருந்தால் சேர்ந்து பயப்படலாம், அழுதால் ஆறுதல் சொல்லலாம், அவளோ பஸ்ஸில் ஏறி டிக்கெட்டும் எடுத்தாகிவிட்ட மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். அவர் அவசரமாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கர்த்தாவே என்று கூப்பிட்டுப் பார்த்தார், அடுத்த வார்த்தை வரவில்லை, கர்த்தாவே அந்த எழுத்தை அழித்துவிடும் என்றா கேட்பது, சின்னப் பையன் பரீட்சைத் தாளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிற மாதிரி. கல்யாண வீட்டு மல்லிகை வாடின வாசனை, முன்னால் இருந்தவரின் தலை எண்ணெய் வாசனை, சமையல்கட்டிலிருந்து எலுமிச்சை சாதம் தாளிக்கிற வாசனை எல்லாம் ஒன்றாக வந்தன. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டாம் எண் அணை வந்தால் கீழ்ச்சீமைக்குத் தண்ணீர் கிடைக்கும், நாலு மனைக்காக இதை நிறுத்தலாமா என்று கேட்டார், அதுவும் நியாயமாகத்தான் தோன்றியது, எல்லாமே இன்றைக்கு அவருக்கு நியாயமாகத் தோன்றியது, தான் ஒருத்தரைத் தவிர. முப்பத்தைந்தும் முப்பத்தாறும் வரவில்லை. வராமல் எங்கே போனார்கள் பாவிகள், அவர்களை நம்பியல்லவா ஆறு நிமிடம் கணக்கில் வைத்திருந்தது. "முப்பத்தேழு" என்றார்கள், முப்பத்தேழு எழுந்து, நான் சொல்ல வந்ததை எல்லாரும் சொல்லிட்டாங்க என்று உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தெட்டு. ஃபாதர் இஞ்ஞாசிமுத்து."

எழுந்தார். மேடை வரைக்கும் எத்தனை எட்டு என்று தெரியாது, எப்படி நடந்தார் என்றும் தெரியாது, பை மட்டும் ஒவ்வொரு எட்டுக்கும் முழங்காலில் இடித்தது. கோட்டாட்சியர் அம்மா இளவயதுக்காரர், கண்ணாடி போட்டவர், கையில் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, "புத்தகம் கொண்டுவந்தீங்களா ஃபாதர்?" என்று மரியாதையாகக் கேட்டார். இவ்வளவு மரியாதை வேண்டாம் என்றிருந்தது. மைக் அவர் உயரத்துக்குக் கொஞ்சம் தாழ்வாக இருந்தது, குனிந்தார், குனிந்ததும் மூச்சுச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கரையான் என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தியமாக அதைத்தான் சொல்ல வந்தார்.

"கொண்டுவந்திருக்கேன்" என்றார். "ஆனா இதுல ஓடைக்குடி இல்ல. எல்லாப் பிள்ளைங்க பேருக்கும் எதிர்ல ஊருங்கற எடத்துல மேற்படின்னு போட்டிருக்கு. மேல பாத்தா சூசையப்பர்பட்டி. கடைசி பதினோரு வருஷம் அப்படிப் போட்டது நான்தான். பாக்காமலே உங்ககிட்ட சவால் விட்டுட்டேன். அப்புறம்," என்று நிறுத்திப் பையை மேஜையோரம் தூக்கி வைத்தார், "இன்னிக்குக் காலைல திருத்தப் பாத்தேன். எழுபத்தி நாலாம் வருஷப் பக்கத்துல ஒரு எழுத்து புதுசா இருக்கும். அது என் எழுத்து. மத்ததுல நான் கை வைக்கல." பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். வைத்த பிறகு கை லேசானது. உடம்பு லேசாகவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மைக் இல்லாமலே, சூளையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகின குரல். "ஏன் சாமி, எங்க ஊருக்குப் பேரு இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?" சவரியாயி எழுந்து நின்றிருந்தாள். "தெரியும்மா" என்றார். "தெரிஞ்சா ஏன் எழுதல?" இருபத்தாறு வருடமாக எந்தக் கேள்விக்கும் ஒரு வசனம் கைவசம் இருந்தது, இதற்கு இல்லை. யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை, கோட்டாட்சியர் மேஜையில் பேனாவால் தட்டி அமைதி என்றார், புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார், அந்த எழுத்தை வெகு நேரம் பார்த்தார். ஈரம் காய்ந்திருந்தது. "இதை ஆதாரமா எடுத்துக்க முடியாது ஃபாதர், உங்களுக்கே தெரியும். பட்டியலை இன்னிக்கு மூடணும்" என்றார். பிறகு, அவருக்கும் ஏதோ மனசு கேட்கவில்லை போல, "சரி, புத்தகத்தை விடுங்க. பதினோரு வருஷமா அந்த ஊருக்குப் போய்ட்டு வர்றீங்க இல்லையா? வீடு வீடா சொல்லுங்க. யார் வீடு, எத்தனை தலைமுறையா இருக்காங்க. வரிசையா, முன்னுக்குப் பின் இல்லாம வந்துச்சுன்னா வாக்குமூலமா எழுதிக்கறேன், அதை வெச்சு நேர்ல போய் விசாரிக்கலாம்" என்றார்.

நம்பிக்கை இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவர் நினைக்கவில்லை. வீடுதானே, சொல்லலாமே. "குருசடிக்கு எதிர்ல ராயப்பன். அவங்க தாத்தா காலத்துலேர்ந்து. பக்கத்துல சந்தியாகு. அப்புறம் சூசையம்மா, அவங்க தம்பி வீடு. அடுத்து இன்னாசியார். ஆறாவது, ஆறாவது லூர்து." தட்டச்சுக்காரர் தட்டினார். இஞ்ஞாசிமுத்து மனதுக்குள் லூர்து வீட்டைத் தாண்டி நடந்து பார்த்தார். அங்கே பாதை வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது. வேலி ஒன்று இருக்கிறது. வேலிக்கு அப்புறம் அவர் போனதே இல்லை. ஈஸ்டர் முடிந்து வீடு மந்திரிக்கப் போகும் வாரத்தில், சூசையப்பர்பட்டியில் ஒவ்வொரு வீட்டு அடுப்படி வரைக்கும் போய்த் தீர்த்தம் தெளிப்பவர், ஓடைக்குடிக்கு வந்தால் ஊர் முகப்பில் சிலுவை நட்ட குருசடியோடு நின்றுவிடுவார், வெயில், பாதை சரியில்லை, பைக் போகாது, ஒரே தெளிப்பாக நாற்பத்தொரு வீட்டுக்கும் சேர்த்துத் தெளித்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். நிழலில் நின்றபடி பார்த்தால் ஆறு வீடுதான் தெரியும். புத்தகத்தில் செய்ததைத்தான் தரையிலும் செய்திருக்கிறார். மைக்கை இறுக்கிப் பிடித்தார். "ஏழாவது," என்றார். "ஏழாவது" என்று மறுபடி சொன்னார். தட்டச்சுக்காரர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "எனக்குத் தெரியாது" என்றார் இஞ்ஞாசிமுத்து. "அதுக்கு மேல நான் போனதில்ல." அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டார்.

"நான் சொல்லட்டுமா சாமி?" காத்தமுத்து பூசாரி எழுந்து மேடையருகே வந்திருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துண்டால் துடைத்திருந்தார். "எனக்கு எல்லா வீடும் தெரியும். ஆனா நான் சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அவங்களையும் ஒண்ணும் சொல்லக் கூடாது." முதலில் விளங்கவில்லை. பின்வரிசையில் தலைகள் குனிவதைப் பார்த்ததும் விளங்கியது. ஆடிக்கூழ். பேச்சியம்மனுக்குக் கூழ் ஊற்ற வீடு வீடாகக் கேப்பை வாங்குவது பூசாரி வழக்கம். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே சனத்தைப் பார்த்து இஞ்ஞாசிமுத்து பீடத்திலிருந்து முழங்கினார், அங்கே கூழுக்குப் படி அளக்கிறவன் இங்கே நற்கருணைக்கு நாக்கை நீட்ட வேண்டாம் என்று. அதற்கப்புறம் யாரும் அளக்கவில்லை என்று நம்பி, அந்த வருடத்து அறிக்கையில் 'பிற சமயச் சடங்குகள் முற்றிலும் நின்றுவிட்டன' என்று ஆயருக்கு எழுதியும் அனுப்பினார். "எத்தன வீடு பூசாரி?" என்று கேட்டார், மைக்கில் கேட்டுவிட்டது. "எல்லா வீடும்தான் சாமி. நீங்க பேசினதுக்கப்புறம் முன்வாசல்ல குடுக்கறதில்ல, பின்பக்கமா. நாப்பத்தொண்ணும்." மண்டபத்தில் எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஓடைக்குடி சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ராயப்பன், லூர்து, பெர்னத்து, ஞாயிறு தவறாமல் முழங்காலில் நிற்கிறவர்கள், மனை போகிறதே என்று வராத பயம் இப்போது அவர்கள் கண்ணில் வந்திருந்தது, தன்னைப் பார்த்து வந்திருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு வெட்கத்தை அவர் பட்டதே இல்லை. மைக்கைக் கழற்றிப் பூசாரியின் வாய்க்கு நேராகப் பிடித்தார். "சொல்லுங்க பூசாரி. ஒண்ணு விடாம சொல்லுங்க."

பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். நடக்கிறார் என்று தெரிந்தது, நின்ற இடத்திலேயே கால்விரல் அசைந்தது. "ஏழாவது பெர்னத்து. அவங்கப்பன் சவரிமுத்து எங்கப்பாவுக்கு அரைப்படி அளப்பாரு. எட்டாவது கொடுக்காப்புளி மரத்து வீடு, மதலேன். அவ மாமியா கைராசி, அங்கதான் மொதப் படி வாங்கணும்பாரு எங்கப்பா. ஒம்பதாவது குப்பாயி வீடு. பத்தாவது பூட்டிக் கெடக்கு, திருப்பூருல இருக்காங்க, ஆனா ஆடிக்கு வந்துருவாங்க." கோட்டாட்சியர் நிறுத்தி, "உங்கப்பா எப்ப இறந்தாரு?" என்று கேட்டார். "எம்பத்தி மூணு, மாசி மாசம்" என்றார் பூசாரி கண்ணைத் திறக்காமலே. கோட்டாட்சியர் குனிந்து தானே கைப்பட எழுதிக்கொண்டார். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, கிளைப்பாதை, கிணறு, கிணற்றுக்குத் தெற்கே ஐந்து, எந்த வீட்டில் யார் யாருக்குப் பேத்தி, எந்த வருடம் வெள்ளத்தில் எந்தச் சுவர் விழுந்து யார் வீட்டில் தங்கினார்கள், எல்லாம் கேப்பைப் படியோடு சேர்ந்து வந்தது. நாற்பத்தொன்று முடிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று, மூன்று நிமிடம் என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பிடித்திருந்த கை மரத்துப்போனது, இஞ்ஞாசிமுத்து கையை மாற்றவில்லை, அந்தப் பெயர்களில் ஒன்றுகூட அவருக்குப் புதிதில்லை, அத்தனை குடும்பத்திலும் யாருக்காவது தண்ணீர் ஊற்றியிருக்கிறார் அல்லது மண் போட்டிருக்கிறார், யார் எந்த வாசலுக்குள் போய் மறைகிறார்கள் என்பதுதான் புதிது.

"ஓடைக்குடியப் பொறுத்தவரைக்கும் பட்டியலை மூடாம நிறுத்திவைக்கறேன்" என்றார் கோட்டாட்சியர். "திங்கக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு நேர்ல வரேன். பூசாரி சொன்ன வரிசைப்படி ஒவ்வொரு வீடா பாப்பேன். ஒத்துப்போனாதான் மேல பேச முடியும், இப்பவே எதுவும் நம்பிடாதீங்க. ரெண்டு பேரும் இருக்கணும்." கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது. இஞ்ஞாசிமுத்து படியோரம் ஒதுங்கி நின்றார். ஓடைக்குடிக்காரர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள், சிலர் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி என்று வழக்கம்போல் கும்பிட்டார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், கேப்பை விஷயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்குமோ என்ற யோசனை அவர்களுக்கு. அதையெல்லாம் இங்கேயே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தார், எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியாகச் சவரியாயி வந்தாள். கும்பிடவில்லை. நின்றாள்.

"ஏம்மா," என்றார்.

"திங்கக்கிழமை வருவீங்கல்ல?"

"வருவேன்."

"குருசடியோட நின்னுடாதீங்க" என்றாள். "எங்க வீடு பதினாலாவது."